இடது காலுக்கு வேலையில்லாத கார்

சிவகாசி
23-2-67

அன்பு மகள் முருகம்மாளுக்கு அம்மா இருளம்மாள் எழுதுவது. இங்கே உன் அய்யா, தம்பி தங்கச்சாமி, நான் என்று மூன்று உயிரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே இங்கிலாந்தில் ஒற்றையாகக் கிடக்கிற ஓர் உயிரின் சுகம்தான் தெரிய வேண்டும். உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் போடவில்லையே என்று கோபித்திருப்பாய், கோபித்துக்கொள் தாயி, உனக்கு உரிமை உண்டு. ஆனால் நீ கேட்டது என்னிடம் இல்லையே, உன் அய்யாவிடம் அல்லவா கேட்டாய். கிளட்ச் இல்லாத, கியர் தானாக மாறிக்கொள்கிற சின்னக் கார் ஒன்று கைக்கு வருகிறது, அய்யா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் வாங்குவேன், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிவிட்டாய். பங்குனி முடிவதற்குள் லைசன்சைக் காட்டாவிட்டால், வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிற அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும், இப்போது இருக்கிற ஆஸ்பத்திரி ஒப்பந்தமும் சித்திரையோடு முடிகிறது, பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான் என்றும் எழுதியிருக்கிறாய். இவ்வளவையும் எழுதிவிட்டு நீ அங்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பாய், இங்கே எங்கள் வீட்டில் தூக்கம் போய்விட்டது.

கடிதத்தை நான் சத்தமாக வாசித்தபோது உன் அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளட்ச் இல்லை என்ற இடம் வந்ததும் தட்டில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வாசி என்றார். வாசித்தேன். "கிளட்ச் இல்லையா? அப்பொறம் எடது காலு என்னத்துக்கு இருக்கு?" என்று என்னைக் கேட்கிறார், என்னமோ நான்தான் அந்தக் காரைச் செய்தது மாதிரி. கையைக் கழுவிவிட்டு எழுந்தவர்தான், அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை. லாரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். நான் பேச்செடுத்தால் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. என் மக சீமையில கார் பழகுறா என்று டீக்கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருக்கிறார். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டு நடைபாதையில் இடித்ததால் இரண்டு தடவை பரீட்சையில் உன்னைப் பெயிலாக்கிவிட்டார்கள் என்று நீ எழுதியபோதுகூட அவர் கலங்கவில்லை, மூணாறு ஏத்தத்துல நானும் மொதல்ல உருண்டவன்தான், மூணாந் தடவை புடிச்சிருவா என்று சிரித்தார். அப்படிப்பட்டவருக்கு, கியரே இல்லாத வண்டியில் பரீட்சை கொடுக்கப் போகிறேன், அந்த லைசன்சை வைத்துக்கொண்டு கியர் வண்டியைத் தொடக் கூடாது என்று எழுதினால் எப்படி இருக்கும்? அரை லைசன்சு என்று ஒரே ஒரு வார்த்தை வாசலில் நின்றுகொண்டு சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

அவர் கவலை அப்படி என்றால் என் கவலை வேறு. எனக்குக் கியரும் தெரியாது கிளட்சும் தெரியாது. லாரி என்றால் டிரைவர் ஒருவர், கிளீனர் ஒருவர், இது எனக்குத் தெரியும். உன் அய்யா பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு கம்பம், குமுளி, மூணாறு என்று மலை ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரே தைரியம் கிளீனர் உக்கிரபாண்டிதான். ஏற்றத்தில் வண்டி நின்றால் அவன் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிடுவான். நீ இருக்கிற ஷெபீல்டு ஊரோ முழுக்க மேடும் பள்ளமும் என்கிறாய், தெருவே மலையேறுகிற மாதிரி இருக்குமாம், அதில் பனி வேறு உறைந்து கிடக்குமாம். அங்கே ஒற்றைப் பெண்பிள்ளை காரை நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனால், வண்டிக்கு யார் கட்டை போடுவார்கள்? நம் ஆட்கள் வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார்கள், கியரே இல்லாத வண்டியை எதில் போட்டு நிறுத்துவாய்? உள்ளே நீ ஒரு பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டிருக்கும்போது வெளியே உன் கார் தானாக உருண்டு தெருவில் போகிறவர் மேல் ஏறினால் என்ன செய்வாய்? கிறுக்கச்சி என்று நீ சிரிப்பாய், சிரி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அய்யா வாயைத் திறக்காமல் இருந்ததில் எனக்கு வருத்தம் பாதி, சந்தோசம் பாதி. அவர் சரி என்று சொல்லாவிட்டால் நீ கார் வாங்கமாட்டாய், கார் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சித்திரையில் என் மகள் என் வீட்டு வாசலில் நிற்பாள். காரியாபட்டி ராக்காயி மதினி இரண்டு தடவை வந்துவிட்டுப் போய்விட்டாள். அவள் மகன் கம்பவுண்டர் வேலை பார்க்கிறானே, அவனுக்கு உன்னைக் கேட்கிறாள். சித்திரையில் வந்துவிடுவாள் மதினி, பொறுத்துக்கோங்க என்று நானும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், ஆனால் சொல்லும்போது வாய்க்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? ஆக, நான் இந்தப் பக்கம் கார் உருண்டுவிடுமே என்று பயந்துகொண்டும், அந்தப் பக்கம் கார் வராமல் போனால் நல்லது என்று நினைத்துக்கொண்டும் கிடந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் நானும் உன் அய்யாவும் வேலை பார்க்கிற கம்பெனிக்கு ஒரு கார் வந்தது. விருதுநகர் காசிராஜன் முதலாளியை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். மலேயா நாட்டுப் பினாங்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பி, நம் பட்டாசுக் கம்பெனியில் பங்கு சேர்ந்திருக்கிறார். வரும்போது கப்பலில் தன் காரையும் கொண்டுவந்துவிட்டார். கையளவு கார், வெளிர் நீலம். அதுவும் நீ எழுதின மாதிரியே கிளட்ச் இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கம்பெனி வழக்கம் உனக்குத் தெரியும், வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் வெளிக் கேட்டோடு இஞ்சினை அணைத்துவிட வேண்டும், உள்ளே எந்த வண்டியும் உறுமக் கூடாது, எவ்வளவு பெரிய லாரியானாலும் ஆட்கள் கூடித் தள்ளித்தான் கொண்டு வருவார்கள், தள்ளித்தான் கொண்டு போவார்கள். முதலாளி கார் என்றாலும் அதே சட்டம்தான். அவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்க, லோடுமேன்கள் சிரித்துக்கொண்டே தள்ளி வந்தார்கள், கார் வழுக்கிக்கொண்டு வந்தது. வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டு அவர் இறங்கினார். பிறகு பெரிய முதலாளியோடு ஜீப்பில் ஏறி, ஆனைக்குட்டம் பக்கம் புதுச் செட்டுக் கொட்டகை போட நிலம் பார்க்கப் போய்விட்டார்.

வேப்பமரத்துக்குப் பக்கத்தில்தான் கழிவுக் காகிதம் கொட்டுகிற குழி இருக்கிறது. மத்தியானச் சோற்று மணி அடிக்கிற நேரம், அந்தக் குழியில் எப்படியோ நெருப்புப் பிடித்துக்கொண்டது. திரி நறுக்கின துண்டு காகிதத்தோடு கலந்து போயிருக்கும் என்கிறார்கள், வெயில் என்கிறார்கள், யாருக்குத் தெரியும். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு அது தெரியாதே. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த எங்களையெல்லாம் போர்மேன் பின்பக்கக் கேட்டு வழியாக விரட்டினார். எல்லாரும் ஓடினார்கள், நான் வேலியோரம் நின்றுவிட்டேன், உன் அய்யா லாரி உள்ளே நின்றதே. காற்று குழியிலிருந்து காரைப் பார்த்து வீசியது. கார் நிறைய பெட்ரோல், காருக்கு அந்தப் பக்கம் வெடிமருந்துச் செட்டு. கார் தீப்பிடித்தால் செட்டு தப்பாது. ஆட்கள் ஓடிப்போய்க் காரைத் தள்ளினார்கள். அது அசையவில்லை. காலையில் சிறுபிள்ளை தள்ளினாலே ஓடிவந்த கார், இப்போது ஆள் மேல் ஆள் விழுந்து தள்ளியும் ஓர் அங்குலம் நகரமாட்டேன் என்று நிற்கிறது. முன்னால் தள்ளினார்கள், பின்னால் தள்ளினார்கள். சக்கரத்துக்கு அடியில் கல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். உக்கிரபாண்டி, "மலேயாப் பேயில்ல ஏறி உக்காந்திருக்கு, ஏலே தூக்குங்கலே" என்று கத்துகிறான். பாதிப் பேர் தூக்கப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் தள்ளுகிறார்கள், ஒருத்தர் காலில் ஒருத்தர் மிதிக்கிறார்கள். அப்போதுதான் யாரோ, சுடலையண்ணே வாங்கண்ணே, பிரேக்கு மாட்டிக்கிருச்சு போல என்று கூப்பிட, உன் அய்யா ஓடிவந்து கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டார்.

ஆத்தா, நீ ஆயிரம் பிரசவம் பார்த்திருப்பாய், ரத்தம் பார்த்து உனக்குப் பயமில்லை. நான் அன்று பார்த்தது அந்த மனுசன் தலை மட்டும் கார்க் கண்ணாடிக்குள்ளே குனிந்து குனிந்து எதையோ தேடுவதையும், அவர் முதுகுக்குப் பின்னால் புகை எழும்புவதையும்தான். வெளியே வாங்க, கார் போனாப் போகுது என்று கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கைப்பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாராம், அது விட்டுத்தான் இருந்ததாம். கிளட்சை மிதிக்கலாம் என்று இடது காலை நீட்டினாராம், அங்கே ஒன்றுமே இல்லை. "காலு பாட்டுக்கு வெறுந்தரையில தடவுது இருளு, கண்ணு தெரியாதவன் மாதிரி இருந்துச்சு" என்று பிறகு சொன்னார். கடைசியில் ஸ்டீரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்து இழுத்தார். உடனே கார் விட்டுக்கொடுத்தது. பின்னால் பலங்கொண்ட மட்டும் தள்ளிக்கொண்டிருந்த உக்கிரபாண்டி அப்படியே குப்புற விழுந்து மூக்கில் மண்ணோடு எழுந்தான். கேட்டுக்கு வெளியே போய்த்தான் கார் நின்றது. இந்தப் பக்கம் மணலையும் நனைந்த சாக்கையும் போட்டு நெருப்பை அமுக்கிவிட்டார்கள். உன் அய்யா காரிலிருந்து இறங்கி வந்தபோது அவரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நான் ஏசினேன். ஆட்கள் முன்னால் ஏசிவிட்டேன். அவர் திரும்பித் திரும்பி அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிராஜன் முதலாளி திரும்பி வந்து பார்க்கிறார், அவர் நீலக் கார் முழுக்க, பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடிக் கைத்தடம். முன்னால் பின்னால் கதவில் கண்ணாடியில் என்று வெள்ளி வெள்ளியாகக் கைகள். முகம் சிவந்துதான் வந்தார். குழியைப் பார்த்ததும், பக்கத்துச் செட்டைப் பார்த்ததும் அந்தச் சிவப்பு போய்விட்டது. நேரே வந்து உன் அய்யா கையைப் பிடித்துக்கொண்டார். உன் அய்யா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? நெருப்பைப் பற்றி இல்லை. "மொதலாளி, காலையில உருண்ட வண்டி மத்தியானம் ஏன் உருளலை?" என்றார். அவர் சொன்னார், நிறுத்திவிட்டு இறங்கும்போது பழக்கத்தில் கம்பியைப் பி என்ற எழுத்தில் போட்டுவிட்டாராம், பி என்பது பார்க்கிங், அதில் போட்டால் உள்ளே பல் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடுமாம், பிறகு அதை எடுத்தால் ஒழிய எவனும் தள்ள முடியாதாம். மேட்டுலயுமா என்றார் உன் அய்யா. மேட்டிலும்தான், பினாங்கில் தன் வீடே மலைச்சரிவில், வருசக்கணக்காக அப்படித்தான் நிறுத்தினேன் என்றார் அவர். உன் அய்யா கண்ணாடி வழியாக அந்தக் கம்பியை எட்டிப் பார்த்தார். பிறகு, என் மக இப்படி ஒரு வண்டி வாங்கணுமின்னு எழுதியிருக்கா, நான் ஒருக்க ஓட்டிப் பாத்துக்கிடலாமா மொதலாளி என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர் தாராளமாகச் சாவியைக் கொடுத்து, அந்தம்மாவும் ஏறட்டும், மக ஓட்டப்போற வண்டியத் தாயும் பாக்கட்டும் என்றார். கையெல்லாம் பசையும் பொடியுமாக நான் பின் சீட்டில் ஒன்றிலும் படாமல் உட்கார்ந்தேன். முதலாளி முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கம்பியை டி என்ற எழுத்தில் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுதான் தாமதம், ஒன்றுமே செய்யாமல் கார் தானாக நகருகிறது! கொஞ்சம் வேகம் பிடித்ததும் உன் அய்யாவுக்குக் கியர் மாற்றுகிற நினைப்பு வந்துவிட்டது. இத்தனை வருசப் பழக்கம், இடது கால் தானாக எழும்பி, கிளட்ச் என்று நினைத்து ஒரே மிதி. மிதித்தது பிரேக்கு. கார் குத்துக்கல்லாக நின்றது, என் நெற்றி முன் சீட்டில் இடித்துப் புடைத்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க மொதலாளி என்று மறுபடி எடுத்தார், மறுபடியும் அதே மிதி. பின்னால் உக்கிரபாண்டி கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான், முதலாளி விழுந்து விழுந்து சிரிக்கிறார். உன் அய்யாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அப்புறம் இடது காலைப் பின்னுக்கு மடக்கிச் சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். அதன்பிறகு கார் எண்ணெய் மாதிரி போனது.

கண்மாய்க் கரை ஏற்றத்துக்குக் கொண்டுபோனார். பாதி ஏற்றத்தில் நிறுத்தினார், காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தார், பின்னால் ஒரு விரற்கடைகூட உருளாமல் மேலே போனது. மறுபடி கீழே இறக்கி மறுபடி ஏற்றினார். நீ தோற்றுப்போன அந்தப் பரீட்சையை உனக்காக அவர் எழுதுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு நல்ல சரிவில் காரை நிறுத்தி, பி எழுத்தில் போட்டு, கைப்பிரேக்கே போடாமல் எங்களை இறங்கச் சொன்னார். தள்ளுங்கலே என்றார், காருக்குப் பின்னாலேயே ஓடிவந்திருந்த ஆட்களைப் பார்த்து. இறக்கத்துப் பக்கமாகவே தள்ளினார்கள். நகரவில்லை. "நல்லாத் தள்ளுங்கலே, எம் மக வண்டின்னு பாக்காதீக" என்றார். நகரவில்லை. கடைசியில் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தோளைக் கொடுத்து முட்டினார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கத் தள்ளினார், கார் லேசாக ஆடிவிட்டு அங்கேயே நின்றது. அவர் மூச்சு வாங்க நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதேன். நீ கடிதம் எழுதின நாளிலிருந்து அந்த மனுசன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்காரக்கூட இல்லை, எழுது பிள்ளே என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வண்டிய வாங்கிக்கிடச் சொல்லு. அய்யா ஓட்டிப் பாத்துட்டாருன்னு சொல்லு. அது அரை லைசன்சு இல்ல, முழு லைசன்சுதான்னு சொல்லு. ஆனா கியர் வண்டியில பழகின எடது காலு பொல்லாதது, அதை நம்பாதேன்னு எழுது. ஏறி உக்காந்ததும் அதைப் பின்னால மடக்கி வச்சிக்கிடணும், பிரேக்கும் வலது காலுதான், ஆக்சிலேட்டரும் வலது காலுதான். டி-யில போட்டா வண்டி தானா நகரும், யாருட்டயாவது பேசுத ஞாபகத்துல பிரேக்குல இருந்து காலை எடுத்துராதே. எறக்கத்துல எல்-லுன்னு ஒரு எழுத்து இருக்கு, அதுல போட்டு எறங்கு, பிரேக்கையே நம்பிக் கிடக்காதே. நிறுத்தினா பி, அப்பொறம் கைப்பிரேக்கு, அப்பொறந்தான் பையை எடுக்கணும்." பனித் தரையில் எப்படி என்று கேட்டேன், அதுக்கு எனக்குத் தெரியாது, அந்த ஊர் டிரைவருமாருகட்டக் கேட்டுக்கிடச் சொல்லு என்றார். தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் அதையும் எழுதிவிட்டேன். வண்டியை வாங்குவதற்கு முன்னால் நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து அந்தப் பி பூட்டைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார், மேட்டில் நிறுத்தி ஆள் வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டுமாம், வெள்ளைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டுமாம்.

இவ்வளவும் அவர் சொல்லி முடித்தது போன வாரம். நான் எழுத உட்கார்ந்தது இன்றைக்கு. வேலையிலிருந்து வந்து கடுதாசி போட்டாச்சா, கடுதாசி போட்டாச்சா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், கவர் வாங்கவில்லை, மை தீர்ந்துவிட்டது, தங்கச்சாமி பேனாவைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விட்டான் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பங்குனி வரை இப்படியே இழுத்துவிட்டால் நீ வந்துவிடுவாய் அல்லவா? அந்தப் புத்திதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று காலையில் உன் பழைய கடிதத்தை எடுத்துக் கடைசித் தாளை மறுபடி வாசித்தேன். பனியில் பஸ் வராமல், சைக்கிளும் சறுக்கிவிட, நீ மேட்டுத் தெருவெல்லாம் நடந்து போய்ச் சேர்ந்தபோது பிள்ளை அடுப்பங்கரைத் தரையிலேயே பிறந்து கிடந்தது, புருசன்காரன் நடுங்கிக்கொண்டு நின்றான், பிள்ளை கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் போயிருக்கும் என்று எழுதியிருந்தாயே. அந்தப் பெண்ணுடைய அம்மா சன்னலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள் அம்மா என்று எழுதியிருந்தாய். முதல் தடவை வாசித்தபோது எனக்கு நீ சறுக்கி விழுந்ததுதான் கண்ணில் பட்டது. இன்றைக்கு அந்த அம்மாவைத்தான் பார்த்தேன். நீ எப்போது வருவாய் என்று நான் தெருவைப் பார்ப்பது மாதிரியே அவளும் பார்த்திருக்கிறாள், அவளுக்கு அவசரம் என்னைவிட அதிகம்.

அதனால் வாங்கிக்கொள் தாயி. அய்யா சொன்னது அய்யா வார்த்தை, இது என் வார்த்தை. ராக்காயி மதினிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், என் மகளுக்கு அங்கே வேலை இருக்கிறது, அவளை எதிர்பார்த்துச் சனங்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் போகட்டும். ஆனால் லீவு கொடுத்தால் வந்து ஒரு மாசமாவது என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அதற்கு மட்டும் சாக்குச் சொல்லாதே. இந்தக் கடிதத்தைத் தங்கச்சாமியிடம் கொடுத்தனுப்பமாட்டேன், இப்போதே நானே நடந்து போய்ப் பெரிய தபாலாபீசில் போட்டுவிட்டு அப்புறம்தான் வேலைக்குப் போவேன். நாளைக்கு என்று வைத்தால் என்னை நான் நம்பமாட்டேன்.

எல்லாச் சாமியும் உன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வரட்டும். நீ போகிற தெருவெல்லாம் வழி விடட்டும், நீ தொடுகிற பிள்ளையெல்லாம் அழுதுகொண்டே பிறக்கட்டும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, பசியோடு வண்டி ஓட்டாதே, இடது காலை மடக்கி வைத்துக்கொள். லைசன்சு கிடைத்ததும் அய்யாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, டீக்கடையில் காட்ட அவருக்கு வேண்டும். எனக்கு லைசன்சைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், அந்தக் காரில் போய் முதன்முதலாக நீ எடுக்கிற பிள்ளை ஆணா பெண்ணா, தாய் சுகமா, அவள் அம்மா என்ன சொன்னாள் என்று மட்டும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் வரவை இனி அவசரப்படுத்தாத அம்மா,
சு. இருளம்மாள்